தப்பும் துண்டும்: மலைநாட்டில் செய்தி நடந்த வழி

(ஹட்டனில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு சமுதாயம் செய்தியைப் பரிமாறிக்கொள்ளும் முறையையும், வந்த செய்தியை எடைபோட்டு ஏற்பதும் தள்ளுவதுமான முறையையும் அதன் பண்பாடு எவ்வாறு வகுக்கிறது என்னும் விஷயத்தைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளை. உலகம் முழுவதையும் வளைத்துப் பேசத்தக்க இத்தலைப்பை நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலை மலைகளுக்குள் அடக்கிக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். நமக்குத் தெரிந்த மலையைப் பற்றிப் பேசினால், நான் தவறிச் சொல்லும் இடத்தில் என்னைத் திருத்துவதற்கு இச்சபையிலேயே நூறு பேர் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய தைரியம்.

அமெரிக்க மானிடவியலறிஞர் எட்வர்ட் ஹால் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், எல்லாவற்றையும் சொல்லிலும் எழுத்திலும் வெளிப்படையாக வைத்துவிடும் சமுதாயங்களை ஒரு புறமும், சொல்பவர் யார், கேட்பவர் யார், இருவருக்கும் உறவு என்ன, இடம் எது என்ற சூழலையே நம்பிச் சொற்களைச் சிக்கனமாகச் செலவிடும் சமுதாயங்களை மறுபுறமும் நிறுத்திக் காட்டினார். மலையகத்தாரை இந்த இரண்டாம் வகையில் சேர்த்துவிட்டு, வாய்மொழி மரபு, கிராமியப் பண்பு என்று நாலு நல்ல வார்த்தை சொல்லி முடித்துவிடுவது சுலபமான காரியம். அப்படி முடித்த பிரசங்கங்களைப் பல மேடைகளில் கேட்டுமிருக்கிறேன். என் அபிப்பிராயம் வேறு. தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்தும் கப்பலேறி வந்த ஜனங்கள் தங்கள் பண்பாட்டைக் கொண்டுவந்தார்கள் என்பது மெய்; ஆனால் அந்தப் பண்பாடு எந்த வாசல் வழியாகப் பேசலாம், எந்த வாசலில் ஊமையாக நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது தோட்டத்து நிருவாகம். காகிதம் ஒரு கையிலும் வாய்ச்சொல் மறுகையிலுமாகப் பிரித்து வைக்கப்பட்ட இடத்தில், கேள்வி கேட்டால் பதில் சொல்லக்கூடிய வாயிலிருந்து வந்த செய்தியை மட்டுமே நம்புவது என்ற வழக்கம் ஜனங்களிடையே வேரூன்றியது. இதை அறியாமை என்று சொல்பவர்கள் உண்டு. அனுபவத்தால் வந்த அறிவு என்றே நான் கொள்கிறேன்.

தப்பு என்னும் பறையிலிருந்து தொடங்குகிறேன். விடிவதற்கு வெகுநேரம் முன்பாக, தொழிலாளரின் வரிசை வீடுகளாகிய லயத்தின் பனி இறங்கிய வாசலில், தப்பை நெருப்பில் வாட்டித் தோலை முறுக்கேற்றி அடித்த காலம் ஒன்று இருந்தது. பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைக் கூட்டத்துக்கு, நேரமாகிவிட்டது என்பதற்கு அந்த ஓசையே அடையாளம். இதே தப்பு சாவு வீட்டில் வேறு அடியும், மாரியம்மன் திருவிழாவில் வேறு அடியும், காமன் பொட்டலில் வேறு அடியும் பேசும். பக்கத்து மலையில் மண்ணைக் கிளற முள்ளுக் குத்திக்கொண்டிருப்பவன் கையை நிறுத்திக் காது கொடுத்தானாகில், எந்த லயத்தில் உயிர் போயிற்று என்று தெரியாவிட்டாலும், போயிற்று என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். மிச்சத்தை அந்தி நேரத்தில் ஆள் வந்து சொல்லும். ஓசையால் அறிவித்து, ஆளால் விளக்கும் இந்த இரண்டடுக்கு முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது: செய்தியின் முதற்பகுதி எல்லாருக்கும் ஒரே கணத்தில் பொது, இரண்டாம் பகுதி, உறவின் நெருக்கத்துக்குத் தக்கவாறு முறை வைத்துச் சொல்லப்படுவது. எந்த வீட்டுக்கு முதலில் சொன்னார்கள், எந்த வீட்டுக்குச் சொல்லத் தவறினார்கள் என்ற கணக்கு, சாவு முடிந்து வருஷங்கள் போன பின்பும் கல்யாணப் பந்தலில் எடுத்து வைக்கப்படும்.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தோட்டம் முழுவதும் அத்தப்பின் சொல்லுக்கு எழுந்தது. அதை அடித்தவரோ சாதியின் பேரால் கடைசி லயத்தில் வைக்கப்பட்டிருந்தார். ஊருக்கெல்லாம் செய்தி சொன்னவருக்கு ஊர்ச்சபையில் பாய் விரிக்கப்படவில்லை. நம்முடைய செய்தி மரபைப் புகழும்போது இந்த அநீதியையும் சேர்த்தே நினைக்க வேண்டும். துரைமார் நமக்குச் செய்ததை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது நியாயமாகாது.

துரைமாரின் செய்தி எப்படி நடந்தது என்று பாருங்கள். 1854ஆம் ஆண்டிலேயே கண்டியில் அவர்களுக்குத் தோட்டத் துரைமார் சங்கம் ஏற்பட்டுவிட்டது. 1858ஆம் ஆண்டில் இலங்கையில் தந்தி வந்தது. 1867ஆம் ஆண்டு லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதும், இரண்டு வருஷங்களுக்குள் கோப்பிச் செடியை இலைநோய் பிடித்ததும், பின்பு மலை முழுவதும் தேயிலைக்கு மாறியதும் நாம் அறிந்த வரலாறு. அம்மாற்றம் அவ்வளவு விரைவில் நடந்ததற்குக் காரணங்களில் ஒன்று, எந்த மலையில் எந்த நாற்று பிழைத்தது, எந்த உரம் பலித்தது என்ற விவரம் துரைமாரிடையே அச்சேறிப் பரவியதாகும். கொழும்பில் ஃபர்குசன் குடும்பத்தார் நாளிதழ் நடத்தினார்கள். தோட்டங்களின் பெயர், பரப்பு, உரிமையாளர் அனைத்தையும் அடுக்கிய விவரக்கொத்து வெளியிட்டார்கள். 1881இல் விவசாய சஞ்சிகை ஒன்றையும் தொடங்கினார்கள். 1883 ஜூலை மாதத்தில் கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்தது. புகைவண்டி 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிற்று. கூடை சுமந்து அக்கொழுந்தைப் பறித்த பெண்ணுக்கு, லண்டனில் அதன் விலை ஏறியதா இறங்கியதா என்பது மட்டுமன்று, தன் பேரில் அன்றைக்கு எத்தனை இறாத்தல் பதியப்பட்டது என்பதும் நிச்சயமாகத் தெரிய வழியில்லை. கொழுந்து மடுவத்தில் தராசு பிடித்தவர் வாயால் ஒன்று சொன்னார். கையால் ஒன்று எழுதினார். இரண்டும் ஒன்றுதானா என்று பார்க்க அவளுக்கு எழுத்துத் தெரியாது.

துரைமார் தமிழ் படித்தார்கள். புதிதாகக் கப்பலிறங்கிய சின்னத் துரைக்கென்று தமிழ்க் கையேடுகள் அச்சாயின; 'இங்கே வா' என்ற பெயரிலேயே ஒன்று உண்டு; 1915ஆம் ஆண்டில் வெல்ஸ் என்பவர் எழுதிய 'கூலித் தமிழ்' என்பது மற்றொன்று. தொழிலாளியை வேலைக்கு ஏவுவதற்கும், அதட்டுவதற்கும், கணக்குக் கேட்பதற்கும் வேண்டிய வாக்கியங்கள் அவற்றில் நிறைந்து கிடக்கின்றன. கேள்விகள் இல்லாமலில்லை, ஆனால் அவை விசாரணைக் கேள்விகள். தொழிலாளி திருப்பிக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று கற்பிக்கும் கவலை அந்த ஆசிரியர்களுக்கு இருந்ததாகத் தோன்றவில்லை. மானிடவியலறிஞர் வலென்டைன் டானியேல் இக்கையேடுகளை ஆராய்ந்திருக்கிறார். செடியைப் பற்றித் துரை பேசும் பேச்சும் தொழிலாளி பேசும் பேச்சும் இரு வேறு உலகத்தவை என்று அவர் காட்டியதைத் தமிழில் யாராவது விரிவாக எழுத வேண்டும்.

இந்த இரு உலகங்களுக்கும் நடுவே நின்றவர் கங்காணி. ஊரில் ஆள் சேர்த்தவரும் அவரே. வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தவரும் அவரே. தோட்டத்தில் மேற்பார்த்தவரும் அவரே. கல்யாணத்துக்கு முன்னின்றவரும் அவரே. துரையின் உத்தரவு அவர் வாயில் புகுந்து தமிழாகக் கீழே இறங்கும். ஜனங்களின் குறை அவர் காதில் புகுந்து, எவ்வளவு ஏறலாமோ அவ்வளவே மேலே ஏறும். பெரிய கங்காணியின் கீழ்ச் சில்லறைக் கங்காணிகள், அவர்களின் கீழ்ச் சொந்தபந்தங்கள் என்று இறங்கிய இந்தப் படிக்கட்டு உறவுமுறையால் ஆனது. மாமன் சொன்னதை மறுப்பது எப்படி? சித்தப்பன் எழுதி வைத்த கடனைக் கணக்குக் கேட்பது எப்படி? உறவு என்னும் மேலான வஸ்துவையே அதிகாரத்தின் தந்திக்கம்பியாகப் பயன்படுத்தியதில்தான் அந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம் இருந்தது.

அந்த உறவுக்கு மேலே ஒரு காகிதம் இருந்தது. அதற்குத் துண்டு என்று பெயர். ஒரு தொழிலாளி அல்லது ஒரு கங்காணியின் கூட்டம் இன்ன தொகை கடன்பட்டிருக்கிறது, அத்தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிக்கத் தயார் என்று ஒரு துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக ஏறியிறங்க வேண்டும். ஒரு மனிதனின் பெயரும் விலையும் எழுதப்பட்ட அக்காகிதத்தை அவனே மடியில் வைத்துச் சுமந்து போனான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க அவனுக்குத் தெரியாது. எழுதிய தொகை சரிதானா என்று கேட்க அவனுக்கு உரிமையில்லை. 1921ஆம் ஆண்டில் சட்டப்படி இம்முறை ஒழிந்தது. கனடா நாட்டுப் பொருளாதார அறிஞர் ஹரோல்ட் இன்னிஸ், பேரரசுகள் தொலைதூரத்தை ஆள்வதற்குக் கனமற்ற காகிதம் போன்ற சாதனங்களையே நம்பின என்று 1950இல் எழுதினார். துண்டைப் பார்த்திருந்தால் அவருடைய நூலுக்கு இன்னொரு அத்தியாயம் கிடைத்திருக்கும். பேர்ப் பதிவேடான செக்ரோல், பற்றுச்சீட்டு, துண்டு என்று நம்மவர்கள் முதன்முதலாகச் சந்தித்த எழுத்தெல்லாம் அவர்களைப் பற்றி எழுதப்பட்ட எழுத்தே. அவர்களுக்கென்று எழுதப்பட்ட எழுத்தன்று. காகிதத்தைக் கண்டால் ஒதுங்கி நின்ற அந்தச் சுபாவத்தை இங்கிருந்து பார்த்தால்தான் விளங்கும்.

சரி, சொந்தச் செய்தி எங்கே நடந்தது? பீலிக்கரையில் நடந்தது. லயத்துக்கு ஒன்றாக விழும் அந்தத் தண்ணீரைச் சுற்றி அந்தியில் குடத்தோடு நிற்கும் பெண்களிடையே, எந்த மலையில் கங்காணி கையை நீட்டினான், எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் பால் ஊற்றினார்களா இல்லையா, நாளைக்கு எந்த மலையில் கொழுந்து என்பதெல்லாம் தண்ணீரின் இரைச்சலுக்கு அடியில் கைமாறும். இரைச்சல் ஒரு பாதுகாப்பு. பத்தடி தள்ளி நிற்பவருக்குக் கேட்காது. மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும்போது பேசினால் கங்காணி அதட்டுவார், பாடினால் விட்டுவிடுவார். அதனால் பேச வேண்டியதைப் பாட்டில் வைத்தார்கள். கண்டிச் சீமைக்கு வந்த வழியின் துன்பம், இன்ன கங்காணியின் குணம், இன்ன துரையின் கோபம், பாதி நாளோடு அனுப்பி அரைப்பேர் போட்ட வயிற்றெரிச்சல் எல்லாம் மெட்டில் ஏறிக்கொண்டன. நிரையின் இந்தக் கோடியில் ஒருத்தி எடுத்ததை அந்தக் கோடியில் இன்னொருத்தி வாங்கி, ஒரு சொல்லை மாற்றி, அன்றைய செய்தியைச் சேர்த்து அனுப்புவாள். மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947ஆம் ஆண்டில் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, அரசியல் சந்தடிகளுக்கு நடுவேயும் இப்பாடல்களைத் தேடித் தொகுத்தார். இலக்கிய ரசனைக்காக அவற்றைப் படிப்பவர்கள் படிக்கட்டும். நம் ஜனங்களின் அன்றாடப் பத்திரிகையாகவும் குற்றப்பத்திரிகையாகவும் நான் படிக்கிறேன்.

மாசி மாதத்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிக்கும் காமன் கூத்திலும் இதற்கொரு சாயல் உண்டு. தூதன் ஓலையோடு வருகிறான். வந்தவன் ஓலையை நீட்டிவிட்டுப் போவதில்லை, ஆடுகிறான், கேட்போர் கேட்கப் பாடி விளக்குகிறான். எழுத்து ஒரு உடம்போடு வந்து, ஒரு குரலால் ஒலித்து, கூட்டத்தின் முன் நின்றால்தான் அதற்கு மதிப்பு என்ற எண்ணம் அந்த ஆட்டத்தில் ஒளிந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பலர் இதை மிகைப்படுத்தல் என்பார்கள், சொல்லிக்கொள்ளட்டும்.

இந்த எண்ணத்தை முழுமையாகப் புரிந்துகொண்டு அதைக் கருவியாக்கிய முதல் மனிதர் கோ. நடேசய்யர். 1887இல் தஞ்சைச் சீமையில் பிறந்த அவர், இலங்கைத் தோட்டங்களின் நிலைமையைக் கண்ணால் பார்க்க விரும்பினார். அந்நியர் தோட்டத்துக்குள் காலடி வைத்தால் அத்துமீறல் குற்றம். ஆனால் புடவை வியாபாரியைத் தடுப்பாரில்லை. ஆகவே அவர் புடவை மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு லயங்களுக்குள் நுழைந்தார். செய்தி சேகரிக்கச் சென்றவர், செய்தி நடக்கும் வழியையும் அங்கேயே படித்துக்கொண்டார் என்பதுதான் இச்சம்பவத்தில் நான் கவனிப்பது; லயத்துத் திண்ணையான இஸ்தோப்பில் மூட்டையை அவிழ்த்தால் பெண்கள் கூடுவார்கள், கூடினால் பேசுவார்கள். பின்பு கொழும்பில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' என்று பத்திரிகைகள் நடத்தினார். சட்டநிரூபண சபையில் அங்கம் பெற்றார். 1931ஆம் ஆண்டில் இதே ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்று முதன்முதலாகத் தனிச் சங்கம் நிறுவினார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார்.

அவர் எழுதிய சிறு நூல்களும் துண்டுப் பிரசுரங்களும் எழுத்தறியாத ஜனங்களுக்காக எழுதப்பட்டவை என்று சொன்னால் முரண்பாடாகத் தோன்றும். அவர் கணக்கு வேறு. லயத்தில் ஒருவனுக்கு எழுத்துத் தெரிந்தால் போதும்; அவன் விளக்கடியில் உட்கார்ந்து உரக்கப் படிக்க, இருபது பேர் கேட்க, கேட்டவர்கள் மறித்துக் கேள்வி போட, படித்தவன் இரண்டாம் தரம் படிக்க, இவ்வாறு ஒரு காகிதம் இருபது வாயாகும். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் இதற்கும் ஒரு படி மேலே போனார். சம்பளக் குறைவு, சட்டத்தின் வஞ்சகம், இந்தியரை நாட்டை விட்டு அனுப்பும் பேச்சு ஆகிய வறண்ட விஷயங்களையெல்லாம், ஜனங்கள் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்த மெட்டுக்களில் பாட்டாக்கி, தோட்டம் தோட்டமாகக் கூட்டங்களில் தாமே பாடினார். 1940ஆம் ஆண்டில் அவை நூலாகவும் வந்தன. கூட்டம் முடிந்து துரையின் ஆட்கள் பிரசுரத்தைப் பறிமுதல் செய்யலாம்; மெட்டோடு வீட்டுக்குப் போய்விட்ட பாட்டை என்ன செய்ய முடியும்? சாரல் நாடன் அவர்கள் நடேசய்யரின் வரலாற்றை அரும்பாடுபட்டுத் தேடி எழுதியிராவிட்டால் இவ்விருவரையும் நாம் பெயரளவில்கூட அறிந்திருக்க மாட்டோம். மீனாட்சி அம்மையாருக்கு இம்மலைநாட்டில் ஒரு பாடசாலைக்காவது பெயர் வைத்திருக்க வேண்டும் என்பது என் சொந்த ஆதங்கம்.

பாட்டும் வாய்ச்சொல்லும் இருந்தும் ஜனங்கள் தோற்ற இடமும் ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போக முடியாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களில் பெரும்பாலாரை ஒரே நாளில் நாடற்றவர்களாக்கியது. அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், விண்ணப்பம் செய்வதற்கு இரண்டு வருஷத் தவணை கொடுத்தது. 1951 ஆகஸ்டில் அத்தவணை முடிந்தது. மணமானவர் 7 வருஷமும் மணமாகாதவர் 10 வருஷமும் இடைவிடாமல் இங்கே வாழ்ந்ததைக் காகிதத்தால் நிரூபிக்க வேண்டும். அக்காகிதங்கள் எங்கே இருந்தன? தோட்டத்து ஆபிஸ் அலுமாரியில். அக்காள் மகள் சடங்குக்கும் குலதெய்வப் பொங்கலுக்கும் ஊருக்குப் போய்ச் சில மாதம் தங்கி வந்ததையும், வயதான தாய்க்கு மணியோர்டர் அனுப்பியதையும் நம் பண்பாடு கடமை என்று எண்ணியிருந்தது. அதிகாரியோ அவற்றையே, இந்நாட்டில் நிலைத்து வாழும் உத்தேசம் இல்லாமைக்குச் சான்றாக எடுத்தார். ஒரே செயலை இரண்டு பண்பாடுகள் இரண்டு விதமாகப் படித்தன. அவற்றுள் ஒன்றின் கையில் ரப்பர் முத்திரை இருந்தது.

இதற்குமேல் இன்னொன்று. ஜனங்கள் நம்பிய வாய் இலங்கை இந்தியன் காங்கிரஸ். அது முதலில் அச்சட்டத்தைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. பின்பு, தவணையின் பெரும்பகுதி கழிந்த நிலையில், விண்ணப்பிக்கச் சொன்னது. ஜனங்கள் இரண்டு சொல்லையும் கேட்டார்கள். கடைசி மாதங்களில் விண்ணப்பங்கள் குவிந்தன. ஏறத்தாழ 8 லட்சம் பேரை உள்ளடக்கிய அவ்விண்ணப்பங்களில், ஏற்றுக்கொள்ளப்பட்டோர் 1 லட்சத்து 34 ஆயிரம் பேர் அளவே. பகிஷ்காரத்துக்கு அரசியல் நியாயம் இருந்தது. நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. நம்பிக்கையெல்லாம் ஒரு வாயில் குவிந்திருக்கும் சமுதாயத்தில், அவ்வாய் தாமதித்தால் எல்லாருமே தாமதித்துப் போவார்கள் என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கும் 3 லட்சம் பேர் இலங்கைக்கும் என்று தலைகள் பங்கிடப்பட்டபோது, அத்தலைகளுக்குரியவர்களை ஒரு வார்த்தை கேட்டாரில்லை. கேட்கப்படாதவர்களின் செய்தி முறையைப் பற்றி ஆராய்ச்சி எதற்கு என்று யாராவது என்னைக் கேட்டால், இதுதான் காரணம் என்பேன்.

வானொலி நம்மிடம் வந்தபோது அதையும் நம் முறைப்படியே ஆக்கிக்கொண்டோம். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை மரண அறிவித்தல் வாசிக்கும் வேளையில் லயத்தில் சத்தம் அடங்கிவிடும். இறந்தவரின் பெயரோடு நிற்காமல், இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் மாமனார், இன்ன ஊரைச் சேர்ந்தவர் என்று உறவுகளை அடுக்கிக்கொண்டு போகும் அந்த வாசிப்பைக் கேட்டு நகரத்துப் பிள்ளைகள் சிரிப்பதுண்டு. அவர்களுக்குத் தெரியாத சங்கதி, அந்த அடுக்கில் எங்கேயோ ஒரு பெயரில் கேட்பவரின் காது நின்றுவிடும் என்பது. அப்பெயர் வழியாக, தான் முன்பின் காணாத மனிதரின் சாவு தன் சாவுச் செய்தியாகிவிடும். உடனே யார் போவது, கோடி எடுப்பது யார் என்ற பேச்சு தொடங்கிவிடும். பழைய தப்பின் இரண்டு அடுக்கும் அலைவரிசையில் ஒன்றாகிவிட்டன.

தபாலில்தான் அப்படி ஆகவில்லை. தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தப்பால்காரர் டவுனுக்கு நடந்து, பூட்டிய பையைத் தோட்டத்து ஆபிசில் கொண்டுவந்து வைத்த காலத்து வழக்கம், தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி 1990களில் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போன பின்பும் பெரும்பாலும் அப்படியே நின்றது. லயத்து அறையான காம்பராவுக்கு இலக்கமில்லை, ஆள் பெயர், டிவிசன், தோட்டம், டவுன், அவ்வளவே முகவரி. ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் கடிதம் நாலு கை மாறும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், வங்கிக் கடிதம் எல்லாம் ஆபிஸ் மேசையில் காத்துக் கிடந்து, நாள் கடந்தபின் கைக்கு வந்த கதைகள் இம்மண்டபத்தில் இருப்பவர்களிடமே கேட்டால் கிடைக்கும். வந்த கடிதமும் பல வேளைகளில் தமிழில் இராது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழி ஆயிற்று. சட்டப் புத்தகத்தில் ஆன அளவுக்குப் பொலிஸ் நிலையத்து மேசையிலும் கச்சேரி என்னும் மாவட்டச் செயலகத்துக் கடிதத்திலும் ஆகவில்லை.

செய்தி வந்து சேர்ந்தும் சேராமற் போனால் என்ன நேரும் என்பதற்கு, நம் மாவட்டத்தை அடுத்த ஊவாவில், கொஸ்லாந்தைக்கு அருகேயுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தைச் சொல்கிறேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படும் நேரத்தில், மலை இறங்கி லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. அதன் பின்னர் என்ன நடந்தது என்று கேட்டபோது, சொன்னோம் என்று ஒரு சாரார் கூறினார்கள். போக இடம் தந்தார்களா என்று மறுசாரார் கேட்டார்கள். சொன்னோம் என்பது உண்மையாகவே இருக்கலாம். வேறு காணியில்லாத, வேறு கூரையில்லாத மனிதரிடம், எழுந்து போ என்று மட்டும் சொல்லும் எச்சரிக்கை, பழைய கையேட்டில் உள்ள ஏவல் வாக்கியத்தின் பேரப்பிள்ளை. எங்கே போவது, எத்தனை நாளைக்கு, மாட்டை என்ன செய்வது, பேர் வெட்டுப்படுமா என்று அவர் திருப்பிக் கேட்கும்போது பதில் சொல்ல அங்கே ஒருவர் நிற்க வேண்டும். அவர் முகம் தெரிந்தவராக இருக்க வேண்டும். அவர் சொல்லும் இடத்தில் மெய்யாகவே ஒரு வீடு இருக்க வேண்டும். இவை இல்லாதபோது ஜனங்கள் அசையாமல் இருந்ததற்குப் பண்பாட்டைக் காரணம் காட்டுவது கூசாமல் சொல்லும் பொய்.

இப்போது ஒவ்வொரு காம்பராவிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. 2018 ஒக்டோபரில், நாட்சம்பளம் 1,000 ரூபாய் கேட்டு, கறுப்புச் சட்டையணிந்து காலிமுகத்திடலில் கூடிய இளைஞர்களை அழைத்தது தலைவரும் அல்லர், தப்பும் அன்று, முகநூல். கொழும்புக் கடைகளில் வேலைக்கு நின்ற பிள்ளைகள், தாய்மார்களின் சம்பளத்துக்காகத் தாங்களாகவே திரண்டது எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தந்தது. நடேசய்யர் இருந்திருந்தால் அன்று காலிமுகத்திடலுக்குப் புடவை மூட்டை இல்லாமலே வந்திருப்பார். ஆயினும் பயமும் இருக்கிறது. பீலிக்கரையில் பொய் சொன்னவளை மறுநாள் அதே பீலிக்கரையில் பிடித்துக் கேட்கலாம். வாட்ஸ்அப்பில் யாரோ எங்கிருந்தோ அனுப்பிய குரல்பதிவை யாரைப் பிடித்துக் கேட்பது? வாய்ச்சொல்லை நம்பிப் பழகிய காது, உடம்பில்லாத வாயையும் அதே நம்பிக்கையோடு கேட்கிறது. தெரிந்தவர் அனுப்பினார் என்பதற்காக, சொன்னவரும் தெரிந்தவரே என்று எண்ணிக்கொள்கிறது. இதற்கு மருந்து பாடசாலையில் இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். பாதி மருந்து இஸ்தோப்பில் இருக்கிறது என்பது என் எண்ணம். பத்திரிகையை ஒருவர் படிக்க இருபது பேர் மறித்துக் கேள்வி போட்ட அந்தப் பழக்கத்தை நாம் விட்டிருக்கக் கூடாது.

என் வேண்டுகோளைச் சொல்லி அமர்கிறேன். அதிகாரத்தில் உள்ளவர்கள் இச்சபையில் சிலர் இருக்கிறார்கள், அவர்களிடம் முதலில். ஒவ்வொரு காம்பராவுக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். கடிதம் ஆபிஸ் மேசையில் நில்லாமல் அந்த இலக்கத்துக்கு வந்து சேரட்டும். மண்சரிவு எச்சரிக்கை தமிழில் வரட்டும். வந்தது நோட்டீஸ் பலகையில் ஒட்டப்படுவதோடு நில்லாமல், பிரட்டுக்களத்தில் தோட்டத்துக்குத் தெரிந்த ஒருவரால், கேள்விக்கு நேரம் விட்டு, வாசிக்கப்படட்டும். போக வேண்டிய இடம் எது என்பதும் அதே மூச்சில் சொல்லப்படட்டும். இளைஞர்களிடம் ஒன்று: உங்கள் பாட்டிமார் பாடிய பாட்டுக்களை உங்கள் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். பாட்டோடு, அது எந்தத் தோட்டத்தில், எந்தக் கங்காணியைக் குறித்து, எப்போது பாடப்பட்டது என்பதையும் கேட்டு எழுதிவையுங்கள். அந்தப் பாட்டிகள் இன்னும் சில தோட்டங்களில் இருக்கிறார்கள்; இந்த விடுமுறையிலேயே போய்க் கேளுங்கள்.